தைராய்டு அதிகமாகச் சுரந்தால்: மாத்திரையா, அயோடினா, ஆபரேஷனா?

தைராய்டு குறைவாகச் சுரக்கிறவருக்கு முடிவெடுக்க அதிகம் ஒன்றுமில்லை. தைராக்சின் மாத்திரைதான் வழி. அளவு மட்டும் ஏறும், இறங்கும். அதிகமாகச் சுரக்கிறவர் பாடு வேறு. அவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. சுரப்பைத் தடுக்கும் கார்பிமசோல் மாத்திரை, சுரப்பியைக் கருக்கும் கதிரியக்க அயோடின், சுரப்பியையே எடுத்துவிடும் அறுவை சிகிச்சை. மூன்றும் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருப்பவை, மூன்றும் வேலை செய்யும். அதனால்தான் எது நல்லது என்று கேட்டால் டாக்டர்கள் ஒரே பதில் சொல்வதில்லை. "வீட்ல கலந்து பேசிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

நான் கும்பகோணத்தில் மருந்துக்கடை நடத்துகிறவன், டாக்டர் இல்லை. சுவாமிமலை, திருப்பனந்தாள், வலங்கைமான் பக்கமிருந்து சீட்டோடு வருகிறவர்கள் மருந்து வாங்கிய கையோடு கேட்கிற கேள்விகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மூன்றில் மாத்திரை மட்டும்தான் என் கடையில் விற்பது. மாத்திரையைப் பற்றி நான் நல்லதாகச் சொன்னால் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள்.

எதனால் கூடியது?

சித்திரை, வைகாசியில் வியர்த்துக் கொட்டுகிறது, ஆள் இளைக்கிறார், படபடப்பு என்றால் இந்தப் பக்கத்தில் எல்லோரும் வெயில்மேல் பழியைப் போடுவோம். அடுத்து சர்க்கரையைப் பார்ப்போம். நன்றாகப் பசித்துச் சாப்பிட்டும் எடை இறங்குகிறது, நீட்டிய விரல் நடுங்குகிறது, படுத்திருக்கும்போதும் நாடி தடதடக்கிறது என்றால்தான் தைராய்டு நினைவுக்கு வரும். ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்) அடிமட்டத்தில், தைராய்டின் சொந்த ஹார்மோன்களான டி3, டி4 மேலே. எழுதிக் கொடுப்பவர் ‘ஹைப்பர் தைராய்டு’ என்று எழுதிவிடுவார்.

அது பாதிப் பதில்தான். அந்த ஒரே ரிப்போர்ட்டுக்குப் பின்னால் குறைந்தது மூன்று வேறு வேறு நோய்கள் ஒளிந்திருக்கலாம். அதிகம் காண்பது கிரேவ்ஸ் நோய். 1835-இல் ராபர்ட் கிரேவ்ஸ் என்ற அயர்லாந்து மருத்துவர் எழுதி வைத்தது. உடம்பு தவறுதலாக உண்டாக்கும் ஓர் எதிர்ப்பொருள் தைராய்டின்மேல் போய் உட்கார்ந்துகொண்டு, பிட்யூட்டரி அனுப்பிய டி.எஸ்.எச். மாதிரியே நடித்து, சுரப்பியை ஓயவிடாமல் விரட்டும். இரண்டாவது, சுரப்பிக்குள் உள்ள ஒன்றோ பலவோ கட்டிகள் யார் சொல்லுக்கும் அடங்காமல் தாமாகவே சுரப்பது. மூன்றாவது தைராய்டைட்டிஸ். இதில் சுரப்பி புண்பட்டுப்போய், சேமித்து வைத்த ஹார்மோன் ரத்தத்தில் ஒழுகுகிறது. புதிதாக எதுவும் அதிகம் உற்பத்தியாவதில்லை.

மூன்றாவதுக்கு மேலே சொன்ன மூன்று வழியுமே வேண்டாம். உற்பத்தியே இல்லாத இடத்தில் உற்பத்தியைத் தடுக்கும் கார்பிமசோல் என்ன செய்யும்? படபடப்புக்கு ப்ரோப்ரனலால் மாதிரி ஒரு மாத்திரை கொடுத்து (ஆஸ்துமா இருந்தால் அதுவும் கூடாது) இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் பெரும்பாலும் தானே அடங்கும். அதன்பின் சில காலம் குறைவாகச் சுரப்பதும் உண்டு. பிரசவமாகித் தாய்வீட்டில் இருக்கிற பெண்களுக்கு முதல் ஒரு வருஷத்துக்குள் இது வருவது சாதாரணம். முடி கொட்டுகிறது, படபடப்பாக வருகிறது என்றால் ‘பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான்’ என்று சும்மா இருப்பதும் தப்பு. ரிப்போர்ட்டைப் பார்த்த மாத்திரத்தில் கார்பிமசோல் தொடங்குவதும் தப்பு.

பிரித்துப் பார்க்க இரண்டு பரிசோதனைகள் உண்டு. ஒன்று, அந்த எதிர்ப்பொருளை அளக்கும் டி.ஆர்.ஏ.பி. என்ற ரத்தப் பரிசோதனை. வழக்கமான தைராய்டு டெஸ்ட்டைவிடச் செலவு அதிகம். இருந்தாலும், பதினெட்டு மாதம் சாப்பிட வேண்டிய மருந்தைத் தொடங்குமுன் ஒருமுறை செய்துவிடுவது மிச்சம்தான். மற்றது டெக்னீஷியம் ஸ்கேன், லேசான கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுப்பது. சுரப்பி முழுதும் பளிச்சென்றால் கிரேவ்ஸ், ஓரிடம் மட்டும் என்றால் கட்டி, ஒன்றுமே தெரியாவிட்டால் தைராய்டைட்டிஸ். கர்ப்பமாக இருந்தால் ஸ்கேன் கூடாது. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில், அதுவும் வாந்தி கடுமையாக இருக்கிறவர்களுக்கு, கர்ப்ப ஹார்மோனே தைராய்டைத் தூண்டி டி.எஸ்.எச்.-ஐக் குறைத்துக் காட்டும். அது தானே சரியாகும். அதற்குக் கார்பிமசோல் தேவையில்லை.

அபூர்வமாக ஒன்று: டி4 கூடியிருந்தும் டி.எஸ்.எச். இறங்காமல் நிற்கும். அப்போது குற்றவாளி கழுத்தில் இல்லாமல் தலைக்குள் இருக்கலாம். பிட்யூட்டரியில் டி.எஸ்.எச். சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. வரை போக வேண்டிவரும். அதற்கு முன் பரிசோதனை முறையில் கோளாறு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

கோளாறு என்றதும் ஞாபகம் வருகிறது. முடி கொட்டுகிறது என்று நாமே வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகளில் பயோட்டின் என்ற பி வைட்டமின் நிறைய இருக்கும். பல லேப் முறைகளில் அது டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் பொய்க்கணக்குக் காட்டும், டி.ஆர்.ஏ.பி.யைக்கூட இருப்பதாகக் காட்டும். ரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். தைராய்டால் முடி கொட்டும், முடிக்கு மாத்திரை, அந்த மாத்திரையால் தைராய்டு ரிப்போர்ட் தப்பு. நல்ல சுழற்சி!

இனி வருவது பெரும்பாலும் கிரேவ்ஸ் பற்றியது. கட்டிகளால் வந்ததென்றால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்: மாத்திரை அதை அடக்கி வைக்கும், ஆனால் ஒருநாளும் தீர்க்காது. நிறுத்தினால் திரும்ப வரும். எனவே அங்கே போட்டி அயோடினுக்கும் ஆபரேஷனுக்கும்தான்.

மாத்திரை

கார்பிமசோல் 5, 10 மி.கி. மாத்திரைகளாக வரும். பலரும் நியோமெர்கசோல் என்ற பிராண்ட் பெயரிலேயே கேட்பார்கள். சிறு புட்டியில் வரும். தைராக்சினும் சிறு புட்டியில்தான் வரும். கடையில் அடிக்கடி நடக்கிற உரையாடல் இது:

"அண்ணே, தைராய்டு மாத்திரை ஒரு டப்பா குடுங்க."

"எதும்மா, கூடுனதுக்கா, குறைஞ்சதுக்கா?"

"அதெல்லாம் தெரியாதுண்ணே. எங்க அத்தையும் அதான் போடுறாங்க, அதையே குடுங்க."

அத்தை போடுவது தைராக்சின், மருமகளுக்கு எழுதியது கார்பிமசோல். ஒன்று ஹார்மோனைக் கொடுப்பது, மற்றது தடுப்பது. புட்டி மாறினால் இருவருக்கும் ஆபத்து. ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் மூடியின்மேல் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள். பழைய புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

நோயின் கடுமையைப் பொறுத்து ஒரு நாளைக்கு 15 முதல் 40 மி.கி. வரை தொடங்கி, படிப்படியாக 5, 10 என்று இறக்குவார்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை என்று பலர் மனம் சலித்துப்போவார்கள். மருந்து புதிய உற்பத்தியைத்தான் நிறுத்துகிறது. ஏற்கெனவே சேர்த்து வைத்த சரக்கு தீர வாரக்கணக்கில் ஆகும். மூன்று நான்கு வாரத்தில் வித்தியாசம் தெரியும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். அதில் டி4 (தேவையானால் டி3) எங்கே நிற்கிறது என்பதுதான் முதலில் முக்கியம். டி.எஸ்.எச். மாதக்கணக்கில் அடியிலேயே கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்று அளவைக் கூட்டினால், ஆள் எதிர்ப்பக்கம் போய் வீங்கிப் படுத்துவிடுவார்.

இப்படி 12 முதல் 18 மாதம். முடிவில் டி.ஆர்.ஏ.பி. மறைந்திருந்தால் நிறுத்திப் பார்க்கலாம். நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோய் திரும்பிவிடுகிறது, பெரும்பாலும் முதல் ஒரு வருஷத்துக்குள். கழலை (கழுத்தில் தெரியும் தைராய்டு வீக்கம்) பெரிதாக இருப்பவர்கள், புகைபிடிப்பவர்கள், எதிர்ப்பொருள் அளவு அதிகம் உள்ளவர்கள், வயது குறைந்தவர்கள், ஆண்கள் ஆகியோருக்குத் திரும்பும் வாய்ப்பு கூடுதல். மாத்திரையின் பெருமை என்னவென்றால், மீதிப் பாதிப்பேர் தங்கள் சொந்தச் சுரப்பியோடு, எந்த மருந்தும் இல்லாமல் நடமாடுவார்கள். மற்ற இரண்டு வழியும் அந்த வாய்ப்பை அநேகமாக எடுத்துவிடும்.

ஆபத்து ஒன்று உண்டு, அதைச் சீட்டிலேயே சிவப்பு மையில் எழுத வேண்டும் என்பது என் கட்சி. ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இந்த மருந்து ரத்தத்தின் வெள்ளை அணுக்களை, குறிப்பாக நியூட்ரோபில்களை, திடீரென்று அழித்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். அறிகுறி, கடும் காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் டெல்டா முழுக்கக் காய்ச்சல்தான். டெங்குவா என்று பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணே கால் லட்சம் இருக்கு, பயமில்லை" என்று போய்விடுவார்கள். அதே காகிதத்தில் இரண்டு வரி தள்ளி நியூட்ரோபில் எண்ணிக்கை இருக்கும். அது 500-க்குக் கீழே போயிருந்தால் உயிருக்கு ஆபத்து. கார்பிமசோல் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. கார்பிமசோலை அந்த வேளையோடு நிறுத்தி, அன்றைக்கே ரத்த அணுக்கள் பார்த்து, டாக்டரிடம் போக வேண்டும். என் கடையில் காய்ச்சல் மருந்து கேட்கிறவரிடம் வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்பது வம்புக்காக இல்லை. ஒருமுறை இப்படி ஆனவர் மறுபடி கார்பிமசோலையோ அதன் உறவான ப்ரோபைல்தையோயூரசிலையோ தொடவே கூடாது. அவருக்கு மீதி இரண்டு வழிகள்தான்.

அரிப்பு, தடிப்பு சிலருக்கு வரும், அது சமாளிக்கக்கூடியது. கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது கல்லீரல் சமாசாரம், உடனே காட்ட வேண்டும். எடை ஏறுவது மருந்தின் குற்றமில்லை. இளைத்த உடம்பு பழைய இடத்துக்குத் திரும்புகிறது. மூன்று வழியிலும் இது நடக்கும். எடை கூடுகிறது என்று தாமாகவே மாத்திரையை நிறுத்தி, நாலு மாதம் கழித்துப் பழைய படபடப்போடு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாத்திரை மலிவு என்பார்கள். புட்டி மலிவுதான். மாதத்துக்கொரு ரத்தப் பரிசோதனை, டவுனுக்கு வரும் பஸ், ஒருநாள் கூலி, இவற்றையும் பதினெட்டு மாதத்துக்குக் கூட்டிப் பாருங்கள். ஒழுங்காக வந்து பார்க்க முடியாதவருக்கு மாத்திரை மலிவும் இல்லை, பத்திரமும் இல்லை.

கதிரியக்க அயோடின்

பெயரைக் கேட்டதும் பாதிப்பேர் எழுந்துவிடுகிறார்கள். நடப்பது என்னவோ ஒரு கேப்ஸ்யூலையோ கொஞ்சம் தண்ணீர் மருந்தையோ விழுங்குவதுதான். தைராய்டு ஒன்றுதான் உடம்பில் அயோடினை இப்படி இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். அயோடின்-131-ஐயும் அப்படியே இழுத்துக்கொள்கிறது. அதன் பீட்டா கதிர் ஓரிரு மில்லிமீட்டர் தூரம்தான் போகும், சுரப்பியின் செல்களை உள்ளிருந்தே கருக்கும். 1941-இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் கதிரியக்க அயோடினை முதன்முதலில் நோயாளிக்குக் கொடுத்தார். எண்பது வருஷத்துக்கும் மேலான அனுபவம் சேர்ந்திருக்கிறது. நீண்டகாலப் புற்றுநோய் அபாயம் சிறிதளவாவது கூடுகிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு. கூடினாலும் மிகச் சிறிது என்பதால்தான் உலகம் முழுக்கத் தொடர்ந்து கொடுக்கிறார்கள்.

கிரேவ்ஸுக்கு வழக்கமான அளவு 10 முதல் 15 மில்லிக்யூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). இந்தியாவில் 30 மில்லிக்யூரிக்கு மேல் கொடுத்தால்தான் தனியறையில் சேர்த்து வைக்க வேண்டும். அது தைராய்டு புற்றுநோய்க்கான அளவு. கிரேவ்ஸ்காரர் அன்றைக்கே வீடு திரும்பலாம். ஒரு வேளை மருந்தில் பத்தில் எட்டுப் பேருக்குமேல் தீர்ந்துவிடும். பலன் உடனே தெரியாது, ஆறு வாரத்திலிருந்து சில மாதம் ஆகும். ஆறு மாதத்திலும் அடங்காவிட்டால் இரண்டாம் முறை.

நம் பக்கத்துச் சிற்றூர்களில் இது கிடைக்காது. அணு மருத்துவப் பிரிவு உள்ள இடத்துக்குப் போக வேண்டும்: புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., சென்னை என்று. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகத் தேய்ந்துவிடும் சரக்கு. யாரும் அலமாரியில் வாங்கி அடுக்கி வைக்க முடியாது. தேதி குறித்து வரவழைப்பார்கள். கொடுத்த தேதியில் "ஊர்ல திருவிழா, அடுத்த வாரம் வர்றேன்" என்றால் உங்களுக்காக வந்த மருந்து வீண். போவதற்கு முன் கார்பிமசோலைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். அண்மையில் சாயம் ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அந்தச் சாயத்தில் உள்ள அயோடின் சுரப்பியை நிரப்பி வைத்திருக்கும். ஆறு எட்டு வாரம் தள்ளிப்போடுவார்கள்.

திரும்பி வருவதுதான் யோசிக்க வேண்டிய இடம். சில நாள், சில இடங்களில் இரண்டு மூன்று வாரம் வரை, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கக் கூடாது. தனியாகப் படுக்க வேண்டும். கழிவறையில் நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேலூரிலிருந்து மன்னார்குடிக்கு நெரிசலான பஸ்ஸில், பக்கத்து சீட்டில் கைக்குழந்தைக்காரி உட்கார, ஆறு ஏழு மணிநேரம் வருவது அவர்கள் கொடுக்கும் காகிதத்துக்கு முற்றிலும் விரோதம். அங்கேயே ஒரு லாட்ஜில் தனியாக ஓரிரு நாள் தங்கலாமா, கார் வைத்துக்கொள்ள வேண்டுமா என்று போவதற்கு முன்பே கேளுங்கள். ஒரே கூடத்தில் ஆறு பேர் படுக்கும் வீடாக இருந்தால், பிள்ளைகளைச் சில நாள் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவது சுலபமான ஏற்பாடு. பள்ளி விடுமுறையில் தேதி வாங்கினால் இன்னும் சுலபம்.

கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் அறவே கூடாது. பாலை ஆறு வாரம் முன்பே நிறுத்தி, அந்தக் குழந்தைக்கு மறுபடி தொடங்காமலே இருக்க வேண்டும். கொடுத்தபின் பெண்கள் ஆறு மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்; ஆண்களுக்கும் சில மாதத் தடை உண்டு.

கிரேவ்ஸில் கண் பிதுங்கியிருப்பவர்களுக்கு அயோடின் அந்தக் கண் நோயைக் கூட்டிவிடலாம். லேசாக இருந்தால் ஸ்டீராய்டு மாத்திரைப் பாதுகாப்போடு கொடுப்பார்கள். சிவந்து, வீங்கி, இரட்டையாகத் தெரியும் நிலையில் தவிர்ப்பார்கள். புகைபிடிப்பவருக்கு இது இன்னும் மோசம். பீடியை விடமாட்டேன், அயோடினும் வேண்டும் என்கிற ஆளுக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

ஆபரேஷன்

கழலை பெரிதாகி மூச்சையோ விழுங்குவதையோ நெருக்குகிறது, கூடவே சந்தேகத்துக்குரிய கட்டி இருக்கிறது, கண் நோய் கடுமை, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அறுவை சிகிச்சைக்குத்தான் முதல் இடம். கழுத்தின் அடியில் ஒரு மடிப்பில் கீறி, சுரப்பி முழுவதையும் எடுப்பார்கள். பலன் அன்றைக்கே, திரும்ப வருவது அநேகமாக இல்லை. தைராய்டின் இயக்கம், நோய், அறுவை பற்றிய பணிக்காகத்தான் சுவிட்சர்லாந்தின் தியோடர் கோகர் 1909-இல் நோபல் பரிசு பெற்றார்.

அவசரப்பட்டுச் செய்ய முடியாது. ஹார்மோன் உச்சத்தில் இருக்கும்போது கத்தி வைத்தால் தைராய்டு புயல் என்ற உயிராபத்து நேரலாம். முதலில் கார்பிமசோல் கொடுத்து டி4-ஐ இறக்கி, கடைசி ஒரு வாரம் பத்து நாள் லூகால்ஸ் அயோடின் சொட்டுமருந்து கொடுத்துச் சுரப்பியின் ரத்த ஓட்டத்தைக் குறைத்தபின்தான் செய்வார்கள்.

பயப்பட வேண்டியவை இரண்டு. சுரப்பிக்குப் பின்னால் குரல்வளை நரம்பு ஓடுகிறது. அடிபட்டால் குரல் கம்மிப்போகும். அங்கேயே பாராதைராய்டு என்று நெல்மணி அளவில் நான்கு சிறு சுரப்பிகள் ஒட்டிக் கிடக்கும். ரத்தத்தின் கால்சியத்தைப் பார்த்துக்கொள்வது அவைதான். கூடவே போய்விட்டால், அல்லது ரத்த ஓட்டம் தடைபட்டால், உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு, பிறகு கை இழுத்துக்கொள்ளும். சில நாள் அப்படி இருப்பது சகஜம். கால்சியமும் கால்சிட்ரயால் என்ற வைட்டமின் டி வகையும் கொடுத்தால் சரியாகும். நிரந்தரமாக நிற்பது கைதேர்ந்தவர்களிடம் நூற்றுக்கு ஒன்றிரண்டு. கை தேராதவர்களிடம் அதைவிட அதிகம். ஆண்டுக்கு 25 தைராய்டு அறுவைக்குமேல் செய்யும் சர்ஜன்களிடம் சிக்கல் குறைவு என்று அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. எனவே "வருஷத்துக்கு எத்தனை தைராய்டு பண்றீங்க டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. பக்கத்து ஊரில் எப்போதாவது செய்கிறவரைவிட, வாரம்தோறும் செய்கிறவரைத் தேடி இன்னொரு மாவட்டம் போவது நல்லது. என்டோகிரைன் சர்ஜரி என்று தனிப்பிரிவே உள்ள மருத்துவமனைகள் சென்னையிலும் வேலூரிலும் இருக்கின்றன.

வயல் வேலை, மூட்டை தூக்கும் வேலை செய்கிறவர்கள் இரண்டு மூன்று வாரம் பாரம் தூக்காமல் இருக்க வேண்டிவரும். சம்பா அறுவடை முடிந்து கை ஓயும் மாசி மாதத்துக்குத் தேதி கேட்டால் வீட்டில் சண்டை இல்லை.

செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறவர்கள், தங்கள் சிகிச்சைக்கு, அந்த மருத்துவமனையில் அது செல்லுமா என்று சேருவதற்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்வது நல்லது. சேர்ந்தபின் கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

கடைசியில் எல்லோருக்கும் ஒரு புட்டி

ஆபரேஷனுக்குப் பின் மறுநாளே தைராக்சின் தொடங்கும். அயோடினுக்குப் பின்னும் பெரும்பாலோர் ஒரு வருஷத்துக்குள் குறைவுப் பக்கம் வந்துவிடுவார்கள். இதைத் தோல்வி என்று நினைத்து வருந்துகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை, சமாளிக்கக் கஷ்டமான நோயைக் கொடுத்துவிட்டு, சுலபமானதை வாங்கிக்கொள்கிறோம். அளவு நிலைத்துவிட்டால் வருஷத்துக்கு ஒன்றிரண்டு பரிசோதனை போதும், காய்ச்சலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 100 மைக்ரோகிராம். ஒரே சங்கடம், கும்பகோணத்துக்காரர்களின் காலைக் காபி. மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கி அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் டிகிரி காபி. அதற்குப் பொறுமை இல்லையென்றால் இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி.

என் கணக்கு

முதல்முறை வந்திருக்கிறது, கழலை சிறியது, மாதாமாதம் ரத்தம் பார்க்க வசதி உண்டு என்றால் மாத்திரையில் தொடங்குவதே சரி. பெரும்பாலான டாக்டர்களும் இங்கே அதைத்தான் செய்கிறார்கள். உண்மையான முடிவு பதினெட்டாம் மாதத்தில்தான் வருகிறது. நிறுத்தியபின் நோய் திரும்பினால், மறுபடி பதினெட்டு மாதம் என்று இழுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நின்று பேசி அயோடின் அல்லது ஆபரேஷன் என்று ஒரு முடிவான சிகிச்சைக்குப் போவது நல்லது. 5 மி.கி. போன்ற சிறிய அளவில் வருஷக்கணக்கில் தொடர்வதும் இப்போது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிதான். பரிசோதனையைத் தவறவிடாதவர்களுக்கு அது பொருந்தும்.

அறுபதை நெருங்குகிறவர், இதயத்துடிப்பு ஏற்கெனவே தாறுமாறாகிவிட்டது என்றால் முதல்முறையிலேயே முடிவான வழி. இன்னொரு தடவை ஹார்மோன் ஏறினால் தாங்காது. ரத்தம் உறைந்து பக்கவாதம் வரை போகலாம். கண் நன்றாக இருந்தால் அவருக்கு அயோடின்தான் என் ஓட்டு, மயக்க மருந்து வேண்டாமே.

கல்யாணமாகிக் குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்ணின் கணக்குதான் சிக்கலானது. கார்பிமசோல் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் சிசுவுக்குக் குறைபாடுகளை உண்டாக்கக்கூடும். அந்த மூன்று மாதத்துக்கு ப்ரோபைல்தையோயூரசிலுக்கு மாற்றுவார்கள், அதற்கும் கல்லீரல் ஆபத்து உண்டு. ஆக, நாள் தள்ளிப்போன அன்றே டாக்டரிடம் போக வேண்டும், மாமியாரிடம் சொல்ல நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அயோடின் எடுத்தால் ஆறு மாதக் காத்திருப்பு. அதோடு, அந்த எதிர்ப்பொருள் அயோடினுக்குப் பின் பல மாதம் ஏறி நிற்கும். அது நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தையின் தைராய்டையும் தூண்டக்கூடியது. ஆபரேஷனுக்குப் பின் அது சீக்கிரம் இறங்கும். எதிர்ப்பொருள் உச்சத்தில் இருந்து, குழந்தையும் உடனே வேண்டும் என்றால், நல்ல சர்ஜன் கிடைத்தால், ஆபரேஷன் செய்து தைராக்சினில் டி.எஸ்.எச். சரியானபின் கருத்தரிப்பதே நிம்மதியான வழியாக எனக்குப் படுகிறது. கழுத்துத் தழும்பைச் சொல்லித் தயங்குவார்கள். மடிப்போடு மடிப்பாகப் போய்விடும், தாலிச் சரட்டுக்கு மேலே ஒரு மெல்லிய கோடு.

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் வளைகுடாவிலிருந்து நாற்பத்தைந்து நாள் லீவில் வருகிறவர்கள் அயோடினைக் கேட்கிறார்கள். ஒரே வேளையில் வேலை முடியுமே என்று. இரண்டு வருஷம் கழித்து வந்தவர் சொந்தப் பிள்ளையை மடியில் வைக்க முடியாமல் எட்ட நிற்க வேண்டும். அதன்பின் ஹார்மோன் இறங்குவது இரண்டு மூன்று மாதம் கழித்து, அங்கே தனியாக இருக்கும்போது. போகிற வழியில் விமான நிலையத்தின் கதிர்வீச்சுக் கருவி வாரக்கணக்கில் இவரைக் காட்டிக்கொடுக்கக்கூடும், அதற்கு மருத்துவமனைக் கடிதம் வேண்டும். இவர் அங்கேயே கார்பிமசோல் தொடங்கி, டி4 இறங்கிய ரிப்போர்ட்டோடு ஊருக்கு வந்து, முதல் வாரத்திலேயே ஆபரேஷன் செய்துகொண்டால், கால்சியமும் அடங்கி, தைராக்சின் அளவும் ஓரளவு பிடிபட்டுவிடும். ஆறாம் வாரம் ஒரு டி.எஸ்.எச். பார்த்துவிட்டு விமானம் ஏறலாம். லீவு எழுதிக் கொடுக்கும் முன்பே இங்குள்ள சர்ஜனிடம் தேதி வாங்கிவிட வேண்டும். வந்திறங்கியபின் தேடினால் நாற்பத்தைந்து நாள் போதாது.